“ஸ்பிரிங் போச்சு”னு பழைய இரும்புக்கடையில போட்றாதீங்க! சாவி கேமராவுக்குக் காதை வச்சே வைத்தியம் பார்க்கலாம்

[திரை இருட்டு. சாவி முறுக்கும் சத்தம்: கர்ர்… கர்ர்… கர்ர். பட்டனை அழுத்தியதும் ஒரே சீரான ரீங்காரம்.]

கேட்டீங்களா? இப்ப இதைக் கேளுங்க.

[மறுபடி அதே சாவி. இந்தத் தடவை கேமரா இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி, நின்றுபோகிறது.]

ரெண்டுமே ஒரே கேமராதானுங்க, சாவி முறுக்கி ஓட்டுற பழைய ஃபிலிம் மூவி கேமரா. முதல் சத்தம் இன்னிக்குக் காலையில பதிவு பண்ணது. ரெண்டாவது மூணு வாரத்துக்கு முன்னாடி, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டு அட்டாலியிலிருந்து அதை இறக்கின அன்னிக்குப் பதிவு பண்ணது. “அப்பாரு வாங்குனதுங்க தம்பி. ஸ்பிரிங் அறுந்துபோச்சு, இனி ஆகாது”ன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. ஸ்பிரிங் அறுந்துபோகவே இல்லைங்க. ஒரு திருகாணிகூட நான் புதுசா மாத்தலை. என்ன பண்ணேன்னு சொல்றேன், வாங்க.

[கேமரா மேசை மேல். பக்கத்தில் சாவி, ஒரு சுருள் பழைய ஃபிலிம்.]

வரலாறு சுருக்கமா. 1923-ல கோடாக் 16 எம்.எம். அகல ஃபிலிமைக் கொண்டுவந்தாங்க. அதே வருசம் பெல் அண்ட் ஹோவெல், சாவி கொடுத்து ஓட்டுற ஃபில்மோ கேமராவைக் கொடுத்தாங்க. 1932-ல 8 எம்.எம்., 1935-ல ஸ்விட்சர்லாந்திலிருந்து போலெக்ஸ் எச்16. நம்ம பக்கம் 1914-லயே சாமிக்கண்ணு வின்சென்ட் கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால்ங்கற சினிமாக் கொட்டகையைக் கட்டிட்டாரு. அப்புறம் சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா, சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ்னு வந்துது. அதெல்லாம் பெரிய சினிமா. வீட்டுக் கல்யாணத்தையும் காதுகுத்தையும் எடுக்க வசதியானவங்க வாங்கினது இந்தச் சாவி கேமரா. பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம். வரலாறு இவ்வளவு போதும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வரேன். சித்த நேரம் ஆகும், இதைத் தாண்டி ஓட்டிறாதீங்க.

முழுசா முறுக்கின ஸ்பிரிங்குக்கு வெறி ஜாஸ்தி. இறங்க இறங்க பலம் குறையும். அப்படின்னா கேமரா முதல்ல தலைதெறிக்க ஓடி, கடைசியில தள்ளாடணும் இல்லைங்களா? ஆனா நல்ல கேமரா முதல்லயிருந்து கடைசி வரைக்கும் ஒரே வேகத்துல ஓடி, பட்டுனு நிக்குது. எப்படி?

அவிநாசித் தேரை நினைச்சுப் பாருங்க. வடம் பிடிச்சு ஆயிரம் பேர் இழுக்கறாங்க. தேர் எத்தனை வேகத்துல போகணும்னு முடிவு பண்றது அவங்களாங்க? இல்லை. சக்கரத்துக்குக் கிட்டவே முட்டுக்கட்டையோட ஓடுற நாலஞ்சு பேரு. சித்த வேகம் கூடினா கட்டையைக் கொடுப்பாங்க, குறைஞ்சா எடுத்துக்குவாங்க. அவங்க இல்லாட்டித் தேர் தெருவுல நிக்காது, திண்ணையில ஏறிரும்.

கேமராவுக்குள்ள அந்த முட்டுக்கட்டைக்காரர் பேரு கவர்னர். கிணத்து மேட்டுல ஆயில் இன்ஜின் ஓட்டினவங்களுக்கு இந்தப் பேரு நல்லாவே தெரியும். குட்டி குட்டி எடைகள் ஒரு தண்டைச் சுத்தி வேகமாச் சுழலும். வேகம் கூடக் கூட வெளிப்பக்கம் விரியும். விரியும்போது ஒரு தட்டைத் தள்ளி உரசுப் பட்டையில அழுத்தும். வேகம் குறையும், எடைகள் சுருங்கும், தட்டு விலகும். ஒரு நொடிக்குள்ள எத்தனையோ தடவை இது நடக்குது. வெளியில நீங்க செகண்டுக்கு 16, 24, 32 ஃபிரேம் (தனித்தனிப் படம்)-னு வேகத்தைத் திருப்புற வட்டம் இருக்குதுங்களே, அது ஸ்பிரிங்கைத் தொடறதே இல்லை. முட்டுக்கட்டையை எவ்வளவு தள்ளி வைக்கறதுங்கறதை மட்டும்தான் மாத்துது.

இது புரிஞ்சா பாதி கோளாறு கண்டுபிடிச்ச மாதிரி. ஏன்னா கவர்னருக்குப் பிடிக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. உங்க கேமரா மெதுவா ஓடுதுன்னா முதல்ல கவர்னரைச் சந்தேகப்படாதீங்க. வேற எங்கயோ வடத்தை யாரோ பின்னாடி இழுக்கறாங்க. பெரும்பாலும் அது பல்சக்கரத்துல கெட்டிப்பட்டுப் போன பழைய கிரீஸ். சூட்டுக்கு ஆறுமாசம் அட்டாலி, மழைக்கு ஆறுமாசம் ஈரக்காத்துன்னு அம்பது வருசம் கிடந்த கிரீஸ் மெழுகாத்தான் இருக்கும். காலைக் குளிர்ல திக்கி, மதியம் நல்லா ஓடுனா சந்தேகமே வேண்டாம், கிரீஸ்தான். அதுவே வட்டத்துல எதை வச்சாலும் கண்ணுமண்ணு தெரியாம ஓடுதுன்னா முட்டுக்கட்டை வழுக்குது. உரசுப் பட்டை தேஞ்சிருக்கணும், இல்லாட்டி அதுல எண்ணெய் பட்டிருக்கணும். சத்தம் கூடிக் கூடிக் குறையுதா? அதுவும் கவர்னர் பக்கம்தான்.

ஸ்பிரிங் நிஜமாவே அறுந்திருந்தா எப்படித் தெரியும்? சாவி பிடிமானமே இல்லாம சுத்திக்கிட்டே போகும். முறுக்க முறுக்க இறுகுதுன்னா ஸ்பிரிங் உயிரோடதான் இருக்குது. இறுகியும் ஓடலைன்னா மேல மேல முறுக்காதீங்க, உள்ள ஏதோ சிக்கியிருக்குது.

[போன் திரையில் ஸ்லோமோஷன் காட்சி. ஷட்டர் தகடு மெல்ல மெல்லச் சுற்றுகிறது.]

வேகம் சரியாங்கறதுக்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். லென்ஸைக் கழட்டுங்க. வெயில்ல வச்சு, போன்ல செகண்டுக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன்ல ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை மறைச்சு மறைச்சுத் திறக்கற சுழல் தகடை, படம் பிடிங்க. ஷட்டர் ஒரு சுத்து சுத்தினா ஒரு ஃபிரேம். 24-ல வச்சிருந்தா போன்ல சரியா பத்து ஃபிரேமுக்கு ஒரு சுத்து வரணும். 16-ல வச்சா பதினஞ்சு. நான் முதல் நாள் எண்ணினப்ப 24-ல வச்சும் பதினஞ்சு வந்துச்சு. அதாவது கேமரா ஓடினது நிஜத்துல 16-ல! அப்படியே எடுத்திருந்தா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒன்றரை மடங்கு வெளிச்சம் ஏறி வெளுத்திருக்கும். அதை 24-ல போட்டுப் பார்த்தா மாப்பிள்ளை மேடைக்கு ஓடியே வந்திருப்பாரு. கேமரா மெதுவா ஓடினா படத்துல மனுசங்க வேகமா ஓடுவாங்க. இந்த உல்டா எனக்கு எப்பவும் ஆச்சரியம்தான்.

போனும் வேண்டாம்னா, வீணான ஃபிலிம்ல பத்து அடி அளந்து குறி போட்டு ஓட்டுங்க. 16 எம்.எம்.ல அடிக்கு 40 ஃபிரேம். பத்தடி 24-ல ஓட 17 செகண்டுக்குச் சித்த கம்மி. ஃபிலிமோட சோதிக்கறதுதான் இன்னும் உண்மையான கணக்கு, ஏன்னா ஃபிலிமும் ஒரு சுமைதானுங்க. போலெக்ஸ் எச்16 வச்சிருக்கறவங்க, முழுச் சாவிக்கு 24-ல ஏறக்குறைய 28 செகண்ட் ஓடுதான்னும் பாருங்க.

சரி, நான் பண்ண வைத்தியம் என்ன? நடைப்பயிற்சிங்க! தினம் காலையில வெயில் ஏறினதும் பாதிச் சாவி, வேகம் 16-ல, முழுசா ஓட விடறது. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. முதல் வாரம் முக்குச்சு. ரெண்டாவது வாரம் சத்தம் தெளிஞ்சுது. மூணாவது வாரம் எண்ணினப்ப பத்து. அன்னிக்கு வீட்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பழைய கிரீஸ் இன்னும் உள்ளதான் இருக்குது. இதை வச்சு அடிக்கடி படம் எடுக்கறதா இருந்தா, தெரிஞ்ச மெக்கானிக் கையில முழுசாப் பிரிச்சுக் கழுவி, புது எண்ணெய் விட்டே ஆகணும்.

ஃபிலிம் இல்லாம 64-ல மட்டும் ஓட்டாதீங்க. அதைவிட முக்கியம், ஸ்பிரிங் இருக்கற டப்பாவை வீட்ல திறக்கவே திறக்காதீங்க. கையைக் கிழிச்சுரும்.

எண்ணெய் விஷயம் ஒண்ணு சொல்லியாகணும், இது நான் பட்டது. எனக்குக் கிடைச்ச முதல் 8 எம்.எம். கேமரா திக்குச்சுன்னு தையல் மிஷின் எண்ணெயை ஓட்டை வழியாச் சாய்ச்சுட்டேன். ரெண்டு நாள் ஜோரா ஓடுச்சு. மூணாவது நாள் எண்ணெய் உரசுப் பட்டைக்கு இறங்கி, வேகம் கட்டுக்கு அடங்கலை. ஷட்டர் தகடெல்லாம் எண்ணெய். அதுல எடுத்த ஒரு ரோல்ல எங்க ஆத்தா முகம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக் கறை. அந்த ரோலை மறுபடி எடுக்க ஆத்தா இப்ப இல்லைங்க. அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன், வெளியிலிருந்து எதையும் ஊத்தாதீங்க, ஸ்பிரேயும் அடிக்காதீங்க. தேங்காய் எண்ணெய் ஆகவே ஆகாது. அது 24 டிகிரிக்குக் கீழ போனாலே உறைய ஆரம்பிச்சுரும். ஊட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனா கேமராவும் சேர்ந்து உறைஞ்சுரும்.

[ஃபிலிம் கேட் நெருக்கமாக.]

ஃபிலிம் ஓடுற இந்த வாசல்ல பழைய ஃபிலிம் துணுக்கு ஒட்டியிருக்கும், அதுதான் கோடு கிழிக்கும். சீமாத்துக் குச்சி நுனியில மெல்லிசு துணியைச் சுத்தி எடுங்க. ஊசி, பிளேடு கிட்டயே வரக்கூடாது. படம் குதிக்குதுன்னா லூப், அதாவது வாசலுக்கு மேலயும் கீழயும் ஃபிலிமைத் தளர்வா விடற வளைவு, சின்னதாப் போட்டிருப்பீங்க. லென்ஸ்ல பூஞ்சைக்குத் தனி வீடியோ வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடி மாசம் வர்ற ஈரக்காத்தைப் பத்தியே அரை மணி நேரம் பேசலாம்.

எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி சாவியை முழுசா ஓட விட்டுருங்க. சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டு, காத்துப் போகாத டப்பாவுல வைங்க. அட்டாலி வேண்டாம். மாசத்துக்கு ஒருக்கா வெளியில எடுத்து ஓட்டுங்க.

உங்க வீட்ல ஒண்ணு கிடந்தா, பாதிச் சாவி கொடுத்து, ஓடுற சத்தத்தைப் போன்ல பதிவு பண்ணி வைங்க. எந்த ஊரு, எத்தனை வருசமாக் கிடந்ததுன்னு கமெண்டுல போடுங்க. ஒவ்வொண்ணுக்கும் நானே பதில் எழுதறேனுங்க.

[முதல் சத்தம் மீண்டும். சீரான ரீங்காரம். பட்டுனு நிற்கிறது.]