ரேஷன் பாமாயிலும் கடைமடைத் தண்ணியும்

(திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டத்துல பேசுனது)

எல்லாருக்கும் வணக்கம். காடு அழியுறதப் பத்தி பேசப்போறேன்னதும் பின்னாடிலேர்ந்து ஒரு பெரியப்பா "நம்ம ஊர்ல ஏதுப்பா காடு"ன்னாரு. நியாயந்தான், முத்துப்பேட்டை அலையாத்திய விட்டா நமக்கு கண்ணுக்கெட்டுன வரைக்கும் வயலும் வரப்பும்தான். ஆனா நம்ம சம்பாவுக்குப் பாயுற காவிரித் தண்ணி குடகு காட்டுல பெஞ்ச மழை பெரியப்பா. மரம் இருக்குற மலைல தண்ணி மண்ணுக்குள்ள எறங்கி மழை விட்டப்பறமும் கசிஞ்சு வந்துக்கிட்டே இருக்கும், மரத்த எடுத்துட்டு சரிவ வெட்டி ரோடு, ரிசார்ட்னு போட்டா மண்ணையும் இழுத்துக்கிட்டு மொத்தமா எறங்கிடும். 2018 ஆகஸ்ட்ல பாத்தோமே, குடகுல மலை சரிஞ்சுது, அதே மாசம் வெள்ளத்துல, காவிரிலேர்ந்து கொள்ளிடம் பிரியுற முக்கொம்புல கொள்ளிடம் மதகு 9 ஒடஞ்சுது, தண்ணி பூரா கடலுக்குப் போச்சு, கடைமடைல நாம வாய்க்காலப் பாத்துக்கிட்டு நின்னோம். மழை அளவு மீறி பெஞ்சுது, தூர்வாரவும் இல்ல, எல்லாப் பழியையும் மரம் வெட்டுனதுமேல நான் போடல.

சரி, வெளிநாட்டுக் காட்டுக்கும் நமக்கும் என்னங்கறீங்களா? 1990லேர்ந்து உலகத்துல 42 கோடி ஹெக்டேர் காடு போயிருக்குன்னு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2020ல சொல்லிச்சு, இந்தியா மொத்தமே சுமார் 33 கோடிதான். அமேசான்ல மாட்டு மேய்ச்சலுக்கும் சோயாவுக்கும் வெட்டுறான். இந்தோனேசியாவுல எதுக்கு? ரேஷன் கடைல 25 ரூவாய்க்கு ஒரு லிட்டர் பாக்கெட் வாங்குறோமே, அந்த பாமாயிலுக்கும்தான். உலகத்துலயே அதிகமா பாமாயில் எறக்குமதி பண்றது நம்ம நாடு. அங்க சதுப்புக் காட்டுல தண்ணிய வடிச்சுட்டு தீ வெக்கிறப்ப, பல ஆயிரம் வருஷமா மக்கிச் சேந்த கரி மண்ணும் உள்ளுக்குள்ளயே பத்திக்கும், லேசுல அணையாது. 2015ல அந்தப் பொகை சிங்கப்பூர் வரைக்கும் போயி ஸ்கூலுக்கே லீவு விட்டாங்க, நம்மூர்ப் புள்ளைங்க அங்க எத்தன பேரு வேலை பாக்குதுங்க! பொகை ஒருநாள் கலஞ்சிடும், அதுல வந்த கார்பன் வானத்துலயே தங்கி பூமிய சூடாக்கும், கடல் மட்டம் ஏறும், ஏறுனா வேதாரண்யம் பக்கம் போர்வெல் தண்ணில உப்பு இன்னும் உள்ள வரும்.

பாமாயில் வாங்குற அக்காவ நான் குத்தம் சொல்லல, அந்த வெலைக்கு யாரும் வாங்கத்தான் செய்வாங்க. கஜா புயல்ல விழுந்தது போக பட்டுக்கோட்டை பேராவூரணில திரும்ப தென்னை வச்சு காய்க்கு நிலையான வெல இல்லாம நிக்கிறாங்க, அவங்க தேங்கா எண்ணெய ரேஷன்ல போடுங்கங்கறதுதான் நம்ம கோரிக்கை, வெலை வித்தியாசத்த அரசாங்கம் ஏத்துக்கட்டும். குறைதீர் கூட்டத்துல குடுக்க மனு ரெடி, கையெழுத்து நோட்டு மைக்செட்டுக்காரர் பக்கத்துல இருக்கு, போறப்ப போட்டுட்டுப் போங்க.