கப்பலேறிய தாத்தாவின் எண்

எல்லோருக்கும் வணக்கம். போன கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "எங்கள் கொள்ளுத்தாத்தாவோடு பிறந்தவர் ஒருத்தர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனாராம். அவர் வம்சம் எங்கேயாவது இருக்குமா?" என்று கேட்டார். அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். மொரிசியஸும் பிஜியும் தனிக்கதை.

1860 அக்டோபரில் சென்னையில் புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று நேட்டாலின் துறைமுகமான டர்பனைச் சேர்ந்தது. அதில் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் ஏறியவர்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு வரைக்கும் கப்பல் பட்டியலில் எழுதி வைத்தான் வெள்ளைக்காரன். அக்கறையால் இல்லை, ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! டர்பனில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தின் முயற்சியால் அந்தப் பட்டியல்கள் இணையத்துக்கு வந்துவிட்டன.

சரி, தாத்தா பெயரைத் தட்டினால் போதுமா? போதாது. முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆகியிருப்பார். தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். அங்கே அப்பா பெயரே குடும்பப் பெயராக உறைந்தும் போனது. ஒரே கப்பலில் நாலு பெருமாள், ஆறு லட்சுமி. பெயரை வைத்துத் தேடினால் யாரோ ஒருவரை நம் தாத்தா என்று கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

பிடித்துக்கொள்ள வேண்டியது எண். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பிற்கால ஆவணங்களிலும் அது கூடவே வந்தது. பிள்ளைகளின் திருமணப் பதிவில் பெற்றோர் எண்ணைப் பார்க்கலாம். அதனால் பிற்காலப் பதிவில் எண்ணைப் பிடித்து, அங்கிருந்து கப்பல் பட்டியலுக்குப் போங்கள். ஃபேமிலிசர்ச் என்ற இலவசத் தளத்தில் நேட்டால் இறப்புப் பதிவுகளும் இறந்தவர் சொத்துக் கோப்புகளும் இருக்கின்றன. சொத்துக் கோப்பில் இருக்கும் இறப்பு அறிவிப்புத் தாளில் பெற்றோர், பிள்ளைகள் பெயரெல்லாம் இருக்கும். தென்னாப்பிரிக்க வம்சாவளிச் சங்கத்தின் இணையக் கிளை கல்லறைகளைப் படமெடுத்துத் தொகுத்திருக்கிறது. கல்லில் தமிழெழுத்தே இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஊர்ப்பெயர் கிடைத்த பிறகுதான் உண்மையான தலைவலி. ட்ரிவெல்லூர் என்றால் திருவள்ளூர், கான்ஜீவரம் என்றால் காஞ்சிபுரம் என்று ஊகித்துவிடலாம். ஆனால் ஜில்லா 'வட ஆற்காடு' என்றிருந்தால் வேலூர்ப் பக்கம் மட்டும் அலையாதீர்கள். வட ஆற்காட்டிலிருந்து பல பகுதிகள் பிரிந்து சித்தூர் தனி ஜில்லா ஆனதே 1911-இல்தான். நீங்கள் தேடும் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம்.

இந்த இடத்தில் மனிதர்கள் வேண்டும். டர்பன் தமிழர்கள் முகநூலில் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். அங்கே போய் "என் தாத்தாவைக் கண்டுபிடியுங்கள்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். கப்பல், வருடம், தாலுகா, எல்லாவற்றுக்கும் மேலாகக் குலதெய்வத்தின் பெயரைப் போடுங்கள். மொழி மறந்த குடும்பத்திலும் சாமி பெயர் நிற்கும். பட்டியலில் உள்ள சாதியை வைத்துப் பெருமை பேசுகிற சண்டை அங்கும் உண்டு, ஒதுங்கிப் போய்விடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைப் பொதுவில் போடவும் வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முன் டர்பனிலிருந்து வந்த ஓர் அம்மாவை, எண் காட்டிய ஊருக்கு அழைத்துப் போனேன். திண்ணையில் இருந்தவர்கள் முதலில் எந்த வகையறா என்றார்கள். அப்புறம் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்காங்களா?" என்றார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. பையிலிருந்து பட்டியலின் நகலை எடுத்து நீட்டினார். தகப்பன் பெயரை நான் படித்துச் சொன்னதும் கேட்டவர் வாயை மூடிக்கொண்டார். அது அவருடைய பாட்டனுக்கும் பேரனுக்கும் வைத்த பெயர். உள்ளே திரும்பி, "காபி போடும்மா" என்று சத்தம் கொடுத்தார்.