மலாயா வென்ற கிண்ணமும் நம் பள்ளியின் பழைய உணவுக்கூடமும்

அவைத் தலைவர் அவர்களே, நிகழ்ச்சியைத் தொடக்கிவைத்த டத்தோ அவர்களே, பள்ளி மேலாளர் வாரியத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, வட்டாரப் பூப்பந்துச் சங்கப் பெரியோர்களே, முன்வரிசையில் ரேக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு நெளிகின்ற பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். டத்தோ அவர்களுக்கு அடுத்த ஊரில் இன்னொரு நிகழ்ச்சி காத்திருக்கிறது என்று செயலாளர் காதோடு சொன்னார். ஆனாலும் கடைசிவரை இருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி. ஏன் தனியாக என்பது போகப் போகத் தெரியும்.

கொடுத்த தலைப்பு, மலாயா பூப்பந்துக் குழுவின் வரலாறு. மலேசியா அல்ல, மலாயா. 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்தது. மலாயா என்ற நாடு வரைபடத்திலிருந்து போயிற்று. மூன்று செய்திகள் பேச எண்ணம்: எப்படி வென்றார்கள், எப்படித் தோற்றார்கள், அந்நாளில் பெண்கள் ஆட்டம் எந்த நிலையில் இருந்தது.

முதலில் கிண்ணம். தாமஸ் கிண்ணம் என்பது ஆண்கள் அணிகளுக்கான உலகப் பூப்பந்துப் போட்டியின் பரிசு. அனைத்துலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் தாமஸ் 1939-இல் கொடுத்தது. 28 அங்குல உயரம். மூடியின் உச்சியில் ஓர் ஆட்டக்காரர் உருவம் நிற்கும். போர் குறுக்கே வந்ததால் முதல் போட்டி 1948-49-இல்தான் நடந்தது.

போட்டி முறையைக் கவனியுங்கள், சூட்சுமம் அதில்தான். ஒரு மோதலுக்கு ஒன்பது ஆட்டம், இரண்டு நாள். ஐந்து ஒற்றையர், நான்கு இரட்டையர். முதல் இரண்டு ஒற்றையர் ஆட்டக்காரர்கள் எதிரணியின் முதல் இருவரையும் சந்திப்பார்கள், அது நான்கு. மூன்றாம் ஒற்றையர் ஒன்று. இரண்டு இரட்டையர் இணைகளும் எதிரணி இணைகள் இரண்டையும் சந்திக்கும், அது நான்கு. ஐந்தை வென்றவன் வென்றான். உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரன் உங்களிடம் இருந்தாலும் ஒற்றையரில் அவன் கொண்டுவரக்கூடியது இரண்டே புள்ளி. தனிமரம் தோப்பாகாது.

இதற்குக் கதை வேண்டுமா? 1949 பிப்ரவரி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. எதிரே அமெரிக்கா. அமெரிக்க அணியில் டேவிட் ஃபிரீமன். சாதாரண ஆள் இல்லை ஐயா! பத்து ஆண்டுகளாக ஒற்றையரில் தோல்வியே காணாதவர். மருத்துவம் படித்தவர், பின்னாளில் மூளை அறுவை மருத்துவர். அந்தக் கைக்கு எவ்வளவு நிதானம் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கம் வோங் பெங் சூன், ஊய் டெய்க் ஹொக். ஃபிரீமன் இருவரையும் வீழ்த்தினார். இரண்டு புள்ளி அமெரிக்காவுக்கு! சரி, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைப்பீர்கள். ஆனால் ஃபிரீமனுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? மலாயாவிடம் தியோ செங் கூன் இருந்தார், 'முதலை சர்வீஸ்' என்று பெயர் வாங்கிய ஓங் போ லிம் இருந்தார், சான் கோன் லியோங் இருந்தார். மோதல் முடிந்தபோது மலாயா 6, அமெரிக்கா 3. அங்கிருந்து இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரம். இறுதியில் டென்மார்க்கை 8-1 என்று துவைத்தார்கள். சில நாளில் அகில இங்கிலாந்துப் போட்டி, அந்நாளில் உலகப் பட்டம் போல மதிக்கப்பட்டது. ஒற்றையர் இறுதியில் அதே ஃபிரீமன் அதே ஊய் டெய்க் ஹொக்கை 15-1, 15-6 என்று வென்றார். பட்டம் அவருக்கு, கிண்ணம் மலாயாவுக்கு. தனிமரம் தோப்பாகாது, பார்த்தீர்களா!

பிள்ளைகளே, குளிர் ஊரில் ஆடப் போகிறவன் முதலில் பந்தைப் பார்க்க வேண்டும். பந்தில் 16 இறகு, எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, பந்து முன்னதாகவே விழும். நம் வெப்பத்தில் அதே பந்து கோட்டைத் தாண்டி ஓடும். ஆகவே அங்கே எடை கூடியது, இங்கே எடை குறைந்தது. சோதிப்பது எளிது: பின்கோட்டின் மேல் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடியுங்கள். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால் சரியான பந்து. சிலர் இறகு நுனியை மடித்து வேகம் குறைப்பார்கள். சமமாக மடிக்காவிட்டால் பந்து தள்ளாடும்.

1950 முதல் 1957 வரை எட்டு ஆண்டும் அகில இங்கிலாந்து ஆண்கள் ஒற்றையர் பட்டம் மலாயாவை விட்டு வெளியே போகவில்லை. வோங் பெங் சூன் நான்கு முறை, எடி சூங் நான்கு முறை. தாமஸ் கிண்ணமும் 1952-இல் அமெரிக்காவிடமும் 1955-இல் டென்மார்க்கிடமும் காப்பாற்றப்பட்டது, இரண்டும் சிங்கப்பூரில். அன்றைய விதிப்படி கிண்ணம் வைத்திருப்பவர் வீட்டில் உட்கார்ந்திருந்து கடைசி மோதலை மட்டும் ஆடினால் போதும். சொகுசுதான். ஆனால் மூன்று ஆண்டுக்கொரு முறை மட்டுமே அணியாகச் சோதிக்கப்படுவது நல்லதா என்று எனக்குச் சந்தேகம்.

1958-இல் விடை கிடைத்தது. விடுதலை பெற்று ஓராண்டு ஆகவில்லை. சிங்கப்பூர் பூப்பந்து மண்டபத்தில் எதிரே இந்தோனேசியா. ஃபெரி சோனெவில், டான் ஜோ ஹொக் இருவரும் எடி சூங்கையும் வென்றார்கள், தே கியூ சானையும் வென்றார்கள். நான்கு புள்ளி அங்கேயே போயிற்று. இந்தோனேசியா 6, மலாயா 3. எடி சூங் அப்போதும் பெரிய மரம்தான். மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே மண்டபத்தில் 1962 செப்டம்பரில் வேறொரு கணக்கு எண்ணப்பட்டது: மலாயாவோடு சிங்கப்பூர் இணைவது பற்றிய வாக்கெடுப்புச் சீட்டுகள். கிண்ணத்தைப் பறிகொடுத்த கூரைக்கடியிலேயே நாட்டின் பெயர் மாறவும் வழி பிறந்தது. அரசியலில் சிங்கப்பூர் 1946 முதலே தனிக் குடியேற்றம்; பூப்பந்தில் மட்டும் ஒரே அணி. தே கியூ சான் 1967-இல் ஜகார்த்தாவில் கிண்ணம் திரும்பி வந்தபோதும் அணியில் இருந்தார். அப்போது சட்டையில் மலேசியா.

செயலாளர் மணி அடிக்கிறார். பெண்கள் ஆட்டத்தைப் பற்றி இன்னொரு மேடையில் பேசிக்கொள்ளலாம். வாரியத் தலைவர் மன்னிக்க வேண்டும், நான் வந்த காரியத்துக்கு வருகிறேன்.

நம் பிள்ளைகள் திறந்த திடலில் ஆடுகிறார்கள். காற்றில் பந்து இழுபடும். பிள்ளை மணிக்கட்டை விட்டுத் தோளால் அடிக்கப் பழகிவிடும், அந்தப் பழக்கம் பிறகு போகாது. அதைத் தவிர்க்க நைலான் பந்துக்குப் போனால் வலையருகே மென்மையாகத் தட்டும் ஆட்டம் வராது. பள்ளியின் பின்புறம் பழைய உணவுக்கூடம் சும்மா கிடக்கிறது. ஆடுகளம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். சுற்றிலும் 2 மீட்டர் விட்டால் 17.4-க்கு 10.1. கூடம் அதற்குப் போதும். பின்சுவர் இரண்டுக்கும் கரும்பச்சை பூச வேண்டும், வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பந்து தெரியாது. விளக்கு ஆடுகளத்தின் மேலே கூடாது, பக்கவாட்டில் மட்டும். அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்குக் கண் கூசும். எதிரெதிர்க் கதவுகளை ஆட்ட நேரத்தில் சாத்திவைக்க வேண்டும். தரையில் சிமெண்டு மட்டும் என்றால் முட்டி போய்விடும், விரிப்பு வேண்டும். குறுக்கே ஓடும் இரண்டு உத்தரங்களை உயர்த்த முடியுமா என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

டத்தோ அவர்களே, உங்கள் கார் நிற்கும் இடத்திலிருந்து அந்தக் கூடம் நாற்பது அடி. அளவு நாடா தலைமையாசிரியரிடம் இருக்கிறது. தேநீருக்கு முன் ஒரு நடை போய் வந்துவிடலாம்.