சத்துணவு நன்றாக இருக்கிறதா? பெற்றோர் சொல்வதும் தட்டில் விழுவதும்

[திரையில்: அரசுப் பள்ளியின் மதிய நேரம். தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகள்.]

வணக்கம். அரசுப் பள்ளியில் மதிய மணி அடித்ததும் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு கூட்டம் தட்டை எடுத்துக்கொண்டு சத்துணவு மையத்துக்குப் போகும். இன்னொரு கூட்டம் மரத்தடியிலோ வராண்டாவிலோ உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும். யார் எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் வீட்டில்தான் முடிவு செய்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்த்தா, அல்லது அதைப் பற்றிக் காதில் விழுந்ததை வைத்தா?

பெற்றோரிடம் கேட்டால் வரும் பதில்கள் நமக்கெல்லாம் தெரிந்தவைதான். அரிசி தடிமனாக இருக்கிறது. சாதம் குழைந்துவிடுகிறது, இல்லையென்றால் வேகாமல் கிடக்கிறது. சாம்பாரில் காயைத் தேட வேண்டியிருக்கிறது. முட்டை சின்னது. "எங்க பிள்ளைக்கு அது ஒத்துக்காது." இப்படிச் சொல்பவர்கள் ஒரு பக்கம். காலையில் ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடும் அம்மாக்கள் இன்னொரு பக்கம். "மத்தியானம் சூடா ஒரு வேளை சாப்பிட்டுடுறான், அந்தக் கவலை இல்ல" என்பது அவர்கள் பதில். இரண்டு பேரும் ஒரே அண்டாவில் வெந்த சோற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

[திரையில்: 1920, 1956, 1982, 2022 என்று ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக.]

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். 1920-இல் நீதிக்கட்சியைச் சேர்ந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சிக்குத் தலைமை வகித்தபோது, ஆயிரம் விளக்கு பகுதியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க ஒப்புதல் ஆனது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. 1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கியது சத்துணவுத் திட்டம். 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்தது, படிப்படியாகக் கூடி 2010-இல் வாரம் ஐந்து முட்டை ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். 2013-இல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்கள் முன்னோட்டமாக வந்து, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்கப் பரவின. வெஜிடபிள் பிரியாணி, கொண்டைக்கடலை புலாவ், தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், எலுமிச்சை சாதம், கூடவே மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை.

இந்தப் பட்டியலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொடக்க காலத்தில் பெற்றோர் கேட்டது "சாப்பாடு போடுவாங்களா?" என்பதை. இன்றைய பெற்றோர் "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். "இலவசமா கொடுக்கிறதுல என்ன குறை?" என்று அவர்கள் வாயை அடைப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அது தவறு. 2001-இல் உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. உரிமையில் குறை இருந்தால் கேட்கத்தான் வேண்டும்.

[திரையில்: தராசில் அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய்.]

சரி, தட்டில் எவ்வளவு விழ வேண்டும்? தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மத்திய அரசின் அளவு இது: அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். மொத்தம் 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அரிசி 150 கிராம், 700 கலோரி, 20 கிராம் புரதம். அரிசி தனியாக வந்துவிடும். மற்ற சமையல் செலவுக்கு 2025 மே மாதத்திலிருந்து தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு 6 ரூபாய் 78 காசு. நடுநிலை வகுப்புக்கு 10 ரூபாய் 17 காசு. இதை மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. முட்டை தமிழ்நாடு தன் கையிலிருந்து சேர்ப்பது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துவரம்பருப்பு கிலோ 150 ரூபாய் என்றால் 20 கிராம் 3 ரூபாய். காய்கறி கிலோ 40 ரூபாய் என்றால் 50 கிராம் 2 ரூபாய். எண்ணெய் 75 காசு. மிச்சம் இருப்பது ஒரு ரூபாய் சொச்சம். அதில்தான் புளி, மிளகாய், உப்பு, மஞ்சள், கேஸ் எல்லாம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த விலையில் 50 கிராமுக்கு மட்டும் 5 ரூபாய் ஆகிவிடும். சாம்பாரில் காயைத் தேட வேண்டியிருக்கிறது என்று பெற்றோர் சொல்வது பொய் இல்லை. அதற்குச் சமையல்காரம்மாவைத் திட்டுவதில்தான் நியாயம் இல்லை.

தமிழ்நாட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து பொருளாகவே மையத்துக்கு வந்துவிடும். காய்கறி, மளிகைச் சாமான், எரிபொருள் ஆகியவற்றை சத்துணவு அமைப்பாளர் உள்ளூரிலேயே வாங்க வேண்டும். விலை ஏறினால் அடிபடுவது இந்தப் பகுதிதான். கைக்காசைப் போட்டு வாங்கிவிட்டுப் பணம் வரக் காத்திருக்கும் அமைப்பாளர்கள் உண்டு. காலிப் பணியிடம் உள்ள இடங்களில் ஓர் அமைப்பாளரே இரண்டு மையத்தைப் பார்க்கிறார். 2024 இறுதியில் 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க அரசு ஆணை போட்டபோது தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். நூறு பிள்ளைகளுக்குப் பருப்பு வேகவைத்து, முட்டை உரித்து, பாத்திரம் கழுவும் வேலைக்கு இதுதான் சம்பளம். தரத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசியாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

[திரையில்: அரிசிக் குவியல். அதில் நிறம் சற்று மாறுபட்ட சில மணிகள்.]

பெற்றோர் பயப்படும் இன்னொரு விஷயம் "பிளாஸ்டிக் அரிசி". சமைக்கும் முன் களைந்தால் சில மணிகள் மிதக்கின்றன, பார்க்க வேறு மாதிரி இருக்கின்றன என்று பல ஊர்களில் புகார் வந்தது. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, அரிசி போலவே மணியாக்கி, நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் சாதாரண அரிசியில் கலக்கிறார்கள். 2021-22 முதல் பள்ளி உணவுக்கு இந்த அரிசி வரத் தொடங்கியது. பிளாஸ்டிக் இல்லை. ஆனால் இப்படி ஓர் அரிசி வரப்போகிறது என்று பெற்றோரைக் கூப்பிட்டு, ஒரு பிடி கையில் கொடுத்து முன்கூட்டியே விளக்கியிருந்தால் பாதிப் பயம் வந்தே இருக்காது. தெரியாத ஒன்று பிள்ளையின் தட்டில் இருந்தால் தாய் பயப்படத்தான் செய்வாள்.

அந்தப் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு பீகார் சாட்சி. 2013 ஜூலை 16 அன்று சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. பரிமாறும் முன் பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற விதியை நாடு முழுக்கக் கண்டிப்பாக வலியுறுத்தியது அதற்குப் பிறகுதான். இரண்டு மூன்று பெரியவர்கள், அதில் குறைந்தது ஓர் ஆசிரியர், முதலில் ருசி பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். பெற்றோரும் ருசி பார்க்கலாம். இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

[திரையில்: விடியற்காலை. பள்ளிச் சமையலறையில் பொங்கல் கிளறும் பெண்கள்.]

பெற்றோரே சமையலறைக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்துக்கொண்டிருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கிவைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கினார்கள். கிராமங்களில் இதற்குச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அதே பள்ளியில் தன் பிள்ளை படிக்கும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு விதிதான். தன் பிள்ளையும் சாப்பிடப்போகிற பொங்கலில் வண்டு விழுந்த ரவையைப் போட எந்தத் தாய்க்கு மனசு வரும்?

பிள்ளைகள் சொன்னால் மெனுவும் மாறும். உப்புமா என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். 2025-இல் அரிசி உப்புமாவுக்குப் பதில் பொங்கலும் சாம்பாரும் தருவதாக அரசு அறிவித்தது.

இனிச் சொல்லப்போவது கசப்பான விஷயம். சில ஊர்களில் "பிள்ளைங்க சாப்பிட மாட்டேங்குது" என்ற புகாருக்கும் சாப்பாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2018-இல் அவிநாசி அருகே ஒரு பள்ளியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரை இடமாற்றம் செய்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி என்ற ஊரில் காலை உணவைப் பிள்ளைகள் தொடவில்லை. சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண். காமராஜர் திட்டத்தைத் தொடங்கிய அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்தில்! அமைச்சர் கீதா ஜீவனும் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு நிலைமை மாறியது. பெற்றோரின் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் நான், இந்தக் கருத்துக்கு ஒரு துளி மதிப்பும் கொடுக்க மாட்டேன். ஒரே பந்தியில் உட்கார வைப்பதும் இந்தத் திட்டத்தின் வேலைதான்.

வெளிப்படையாகச் சொல்லாத இன்னொரு தயக்கமும் உண்டு. கையில் கொஞ்சம் காசு வந்ததும், "நம்ம பிள்ளை சத்துணவு சாப்பிடுதுன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுக்கத் தொடங்குகிறார்கள். அதில் பாதி நாள் எலுமிச்சை சாதமும் சிப்ஸும்தான், முட்டை கிடையாது. அதைவிடப் பெரிய பாதிப்பு வேறு. அதிகாரியிடம் போய்ப் பேசத் தெரிந்த, மனு எழுதத் தெரிந்த பெற்றோர் விலகிவிட்டால், மீதி இருப்பவர்கள் கூலி வேலையை விட்டுவிட்டு வந்து கேட்க முடியாதவர்கள். அவர்கள் கேட்கவில்லை என்பதால் குறை இல்லை என்று அர்த்தம் இல்லை.

[திரையில்: வரைபடம். தாய், மகள், பேரக்குழந்தை.]

இந்தச் சாப்பாடு அவ்வளவு முக்கியமா என்றால், முக்கியம்தான். 2021-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் இந்தியாவின் மதிய உணவைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. பள்ளி வயதில் மதிய உணவு கிடைத்த பெண்கள் பின்னாளில் பெற்ற குழந்தைகள், வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தார்கள் என்று அது சொன்னது. இன்று மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி சாப்பிடும் முட்டை அவள் பெறப்போகும் பிள்ளை வரைக்கும் போகிறது.

அப்படியென்றால் பெற்றோர் என்ன செய்யலாம்? பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவில் இருக்கும் பெற்றோர் ஒருவரோடு ஒருநாள் மதியம் பள்ளிக்குப் போங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு மட்டும் சாம்பார் கெட்டியாக இருக்கலாம். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு தட்டு முழுக்கச் சாப்பிடுங்கள். ஒரு வாய் ருசி பார்த்தால் உப்பு மட்டும்தான் தெரியும். வயிறு நிறைகிறதா என்பது முழுத் தட்டு சாப்பிட்டால்தான் தெரியும்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று எத்தனை பேர் பள்ளிக்கு வந்தார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள்? நூறு பேர் வந்து தொண்ணூறு பேர் சாப்பிட்டால் ஓரளவு நிம்மதி. ஐம்பது பேர்தான் என்றால் எந்தக் கிழமை குறைகிறது என்று பதிவேட்டில் பாருங்கள். தக்காளி சாதம் அன்று கூட்டம் இருந்து சாம்பார் சாதம் அன்று குறைந்தால் சாம்பாரில்தான் பிரச்சினை. எல்லா நாளும் குறைந்தால் அரிசியையோ தண்ணீரையோ சமையலறையையோ பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள், கை கழுவ சோப்பு இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

குறை இருந்தால் முதலில் அமைப்பாளரிடமும் தலைமை ஆசிரியரிடமும் பேசுங்கள். சரியாகவில்லை என்றால் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்கும் பேசலாம். "சாப்பாடு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. தேதி, அன்றைய உணவு, என்ன குறை, எத்தனை பிள்ளைகள் சாப்பிடாமல் கொட்டினார்கள் என்று எழுதிக் கொடுங்கள். காய்கறிக்கும் கேஸுக்கும் வரும் பணம் போதவில்லை என்று அமைப்பாளர் சொன்னால், அதையும் அதே தீர்மானத்தில் சேர்த்து எழுதுங்கள்.