கைபேசி ஒன்று, பிள்ளைகள் 32

நடுவர் அவர்களே, என்னை எப்படி மடக்கலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'வகுப்பறையில் கைபேசி கற்பித்தலுக்குக் கைகொடுக்கிறதா, கவனத்தைக் கெடுக்கிறதா?' கைகொடுக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய ஐயா, பிள்ளைகளிடம் கைபேசி கொடுப்பது குரங்கு கையில் பூமாலை கொடுப்பது போல என்றார், கைதட்டலும் வாங்கினார். பிள்ளைக்கு ஒரு கைபேசி வேண்டும் என்று கேட்டது யார்? என் ஆறாம் வகுப்பில் 32 பிள்ளைகள். கைபேசி ஒன்றுதான், அது என்னுடையது. அதிலும் திரையில் விரிசல்.

நான் தமிழாசிரியர். 'வாழைப்பழம்' என்று சொல்லச் சொன்னால் 'வாளைப்பளம்' என்பான் ஒரு மாணவன். நுனிநாக்கு மேலெழுந்து அண்ணத்தை வருடினால் ழகரம் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்லிவிட்டார். நானும் சொன்னேன், கரும்பலகையில் நாக்கைப் படமாகவும் வரைந்தேன். அது நாக்கு மாதிரி இல்லை என்பது வேறு கதை. பையனோ, "சரியாகத்தானே ஐயா சொல்கிறேன்" என்று சாதித்தான். அவன் காதுக்கு அது சரியாகத்தான் கேட்டது, நடுவர் அவர்களே! அங்கேதான் சிக்கல்.

கைபேசியில் அவன் குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தான். இரண்டாம் முறை கேட்டபோது சிரிப்பு நின்றது. "இன்னொரு தடவை, ஐயா" என்று அவனே கேட்டான். ஏழாவது பதிவில் முதல் ழகரம் வந்தது, இரண்டாவது ஓடிவிட்டது. 'வாழைப்பளம்!' வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, அவனும் சேர்ந்துதான். பதினோராவது பதிவில் இரண்டும் வந்தன. நான் ஒரு மாதம் திருத்தியும் வராதது, அவன் குரலை அவனே கேட்டதும் வந்தது. இதற்குச் செலவு? எல்லாக் கைபேசியிலும் சும்மா கிடக்கும் குரல்பதிவுச் செயலி.

ஐயா 2023-இல் வந்த யுனெஸ்கோ அறிக்கையையும் காட்டி மிரட்டினார். கைபேசி பக்கத்தில் இருந்தாலே மாணவர் கவனம் சிதறும் என்று அதில் இருப்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அறிக்கையின் தலைப்பை அவர் பாதியோடு நிறுத்திவிட்டார். 'கல்வியில் தொழில்நுட்பம்' என்பதோடு அது முடியவில்லை; 'யாருடைய நிபந்தனையில் இயங்கும் கருவி?' என்றும் கேட்கிறது. எங்கள் அணியின் பதில்: ஆசிரியரின் நிபந்தனையில்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாடநூலில் இருக்கும் கியூஆர் குறியீட்டைக் கைபேசியால் வருடி, காணொலியை ஓடவிட்டு, மூலையில் நாற்காலி போட்டு உட்காரும் ஆசிரியரும் உண்டு. நானும் உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவது நிமிடத்தில் பின்வரிசை தூங்கிவிட்டது. அந்தத் தூக்கத்துக்கும் கைபேசி மீதா ஐயா பழி? அதைக் காட்டிலும், முளைக்கும் பச்சைப்பயற்றை மணிக்கு ஒரு படமாக எடுத்து, வரிசையாக ஓட்டிக் காட்டுங்கள். எவன் தூங்குகிறான் என்று பார்ப்போம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிடம், ஐயா. உங்கள் முன்னால் தண்ணீர் இருக்கிறது, பையில் கைபேசி இருக்கிறது. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, விரல்நுனியால் கடுகளவு தண்ணீரைத் தொட்டு வையுங்கள். அந்தத் துளி குவிலென்சு ஆகிவிடும். இனி உற்றுப் பாருங்கள்: வெள்ளை காணாமல் போய், சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். என் வகுப்பில் இதைப் பார்த்த ஒரு சிறுமி, "அப்படியென்றால் வெள்ளை எங்கே, ஐயா?" என்று கேட்டாள். மறுநாள் அறிவியல் ஆசிரியரை அழைத்து வந்துதான் நான் தப்பித்தேன்.

என் திரையில் விரிசல், தண்ணீர் உள்ளே போய்விடும். அதனால் உங்கள் கைபேசியைத்தான் கேட்கிறேன், நடுவர் அவர்களே. பார்த்துவிட்டுத் தீர்ப்பை எழுதுங்கள்.