ஆய்வேட்டை எந்த இயலிலிருந்து எழுதத் தொடங்குவது?

[திரையில்: ஓர் ஆய்வேட்டின் பொருளடக்கப் பக்கம்]

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வேடு எழுத உட்காரும் பலர் முன்னுரையில் தொடங்கி, மாதக்கணக்கில் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். படிப்பவருக்குத்தான் அது முதல் இயல். எழுதுபவர் அதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

களத்திலோ ஆய்வகத்திலோ தரவு திரட்டியவர்கள் ஆய்வு முறை இயலை முதலில் எழுதுங்கள். செய்து முடித்த வேலை என்பதால் கை தானாக ஓடும். மாதிரி எத்தனை, எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை பேர் பதில் தரவில்லை, மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பதெல்லாம் இதில் வரவேண்டும். ஆய்வுத் திட்டத்தில் இருந்த "சேகரிக்கப்படும்" என்ற சொல்லை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். "சேகரிக்கப்பட்டது" என்று மாற்றுங்கள். தேர்வாளர் கண்ணில் சட்டென்று படும் பிழை இது.

அடுத்து முடிவுகள். அட்டவணைகளையும் படங்களையும் முதலில் வரிசைப்படுத்திவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்தி எழுதுங்கள். அட்டவணை எண்களைப் பத்தியில் மறுபடி ஒப்பிக்க வேண்டாம். அதற்குப் பின் விவாதம், முன்னாய்வு மீளாய்வைச் (முந்தைய ஆய்வுகளை அலசும் இயலை) சீர்செய்வது, முடிவுரை, முன்னுரை. ஆய்வுச் சுருக்கம் கடைசியில்.

இலக்கிய ஆய்வுக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே மூலச் சான்று அதிகம் கைவசம் உள்ள நடு இயலைப் பிடியுங்கள்.

[திரையில்: நான்கு நெடுவரிசைகள் கொண்ட வெற்று அட்டவணை]

எழுதும் முன் ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: ஆய்வு வினா, முறை, முடிவு, அது எந்த இயலில் வருகிறது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஆய்வேட்டிலும் அங்கே ஓட்டை இருக்கிறது. நான்கு நோக்கங்களை அறிவித்துவிட்டு மூன்றுக்கு மட்டும் விடை சொன்னால், வாய்மொழித் தேர்வில் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

முன்னாய்வு மீளாய்வில் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ஆளுக்கொரு பத்தி, ஆண்டு வரிசையில் என்று எழுதினால் அது வெறும் பட்டியல். கருத்துவாரியாகத் தொகுத்து, யார் யாரோடு எங்கே முரண்படுகிறார் என்று காட்டுங்கள். ஆய்வு இடைவெளியைச் சொல்லும் வாக்கியத்தைப் பாருங்கள்.

[திரையில்: "நேரடி நெல் விதைப்பு பற்றி அதிக ஆய்வுகள் இல்லை."]

இதை ஒரே தேடலில் யாரும் பொய்யாக்கிவிடலாம்.

[திரையில்: "இங்கு மீளாய்வு செய்த ஆய்வுகள் விளைச்சலை அளந்தன, களை எடுக்கும் கூலிச் செலவைத் தனியே கணக்கிடவில்லை."]

எதைப் பார்த்தார்கள், எதை விட்டார்கள் என்பது இதில் தெளிவு. உங்கள் முதல் வினாவும் இதிலிருந்தே பிறக்கிறது.

உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தரவேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. துணைநூற்பட்டியலும் பொருளடக்கமும் கணக்கில் சேராது. மூலத்தைத் திறந்துவைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுவது எழுத்தாகாது. படித்து, மூடிவைத்து, உங்கள் வாக்கியத்தில் எழுதி, உடனே மேற்கோள் குறிப்பைச் சேருங்கள். மேற்கோள் குறிப்பு சேர்க்கும் வேலையை ஸோடெரோ போன்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

வடிவமைப்பு விதிகளை முதல் நாளே பல்கலைக்கழகத்திடம் வாங்கிவிடுங்கள். வேர்டில் தலைப்புகளுக்கு 'ஹெடிங் ஸ்டைல்' கொடுத்தால் பொருளடக்கம் தானாக உருவாகும். முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும் இயல்களுக்கு 1, 2 என்றும் வர, நடுவில் 'செக்‌ஷன் பிரேக்' வைத்து, முந்தைய பகுதியோடு உள்ள இணைப்பைத் துண்டியுங்கள். துண்டிக்காவிட்டால் ஒரு பகுதியில் செய்த மாற்றம் இன்னொன்றையும் கலைத்துவிடும்.