கம்பத்தில் ஏற்றியாயிற்று, அப்புறம்?

(குடியிருப்போர் நலச்சங்கம், வணிகர்கள், காவல்துறையினர் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். சங்கத்துக்காரர்கள், கடைக்காரர்கள், காவல் நிலையத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் மூன்று தரப்பும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சென்னையின் தெருக் கேமராக்களைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான கூட்டம் இருக்க முடியாது. பணம் போட்டவர் ஒருவர், கரண்ட் கொடுப்பவர் ஒருவர், காட்சியைக் கேட்டு வருபவர் ஒருவர். மூன்று பேருக்கும் பொதுவான ஒரு சொத்தை யார் பராமரிப்பது என்பதுதான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம்.

2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் நடந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. வேலைக்குக் கிளம்பிய இளம்பெண்ணை நடைமேடையிலேயே வெட்டிக் கொன்றார்கள். அந்த நிலையத்தில் கேமரா இல்லை. பக்கத்துத் தெருவில் யாரோ தங்கள் பாதுகாப்புக்காக வைத்திருந்த கேமராவின் காட்சியை வைத்துத்தான் போலீஸ் தேட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு, ஏ.கே. விசுவநாதன் மாநகரக் காவல் ஆணையராக இருந்த காலத்தில், 'மூன்றாவது கண்' திட்டம் வேகம் பிடித்தது. 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்று இலக்கு வைத்தார்கள். அரசுப் பணம் மட்டும் போதாது என்று தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, மக்களையும் வியாபாரிகளையும் வாங்கி வைக்கச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. சர்ஃப்ஷார்க் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் உலக நகரங்களை ஒப்பிட்டு வெளியிட்ட பட்டியலில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களோடு சென்னை முதலிடத்தில் இருந்தது.

பெரிய வேலைதான், சந்தேகமில்லை. செயின் பறிப்பு வழக்குகளில் வண்டி போன பாதையைத் தெரு தெருவாகத் தொடர்ந்து போய்ப் பிடித்ததை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் 657 என்பது ஏற்றிய கணக்கு. இன்று இரவு அவற்றில் எத்தனை பதிவு செய்கின்றன, பதிவானதில் எத்தனையில் முகம் தெரிகிறது, ஒரு மாதம் கழித்துக் கேட்டால் எத்தனை கிடைக்கும் என்பதெல்லாம் வேறு கணக்கு. அந்தக் கணக்கைப் போடுவதற்குப் பெயர்தான் நிர்வாகம். திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டம் அதற்கு வருவதில்லை.

முதலில் முகத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவின் படம் குறுக்குவாட்டில் 1920 புள்ளிகள். முன்பின் தெரியாத ஒருவரை 'இவர்தான்' என்று அடையாளம் சொல்ல, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது சர்வதேசத் தரம். வகுத்துப் பாருங்கள், எட்டு மீட்டர்கூட வராது. அதாவது அந்தக் கேமரா எட்டு மீட்டருக்கும் குறைவான அகலத்தைப் பார்க்கும்படி வைத்தால்தான் முகம் உருப்படியாக விழும். நாம் என்ன செய்கிறோம்? ஒரே கேமராவில் முழுத் தெருவும், எதிர் பேருந்து நிறுத்தமும், முடிந்தால் மெயின் ரோடும் தெரியட்டும் என்று அகலமாகத் திருப்பி விடுகிறோம். திரையில் பார்க்க அழகாக இருக்கும். சம்பவத்துக்குப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாக ஏதோ ஒன்று நகரும், அவ்வளவுதான். போதாததற்கு, யாரும் திருடிவிடக் கூடாதென்று கம்பத்தின் உச்சியில் வைக்கிறோம். உச்சியிலிருந்து பார்த்தால் தலைமுடியும் ஹெல்மெட்டும்தான் தெரியும். தெருவை மொத்தமாகப் பார்க்க ஒன்று, முகத்துக்கு ஒன்று, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று என்று வேலையைப் பிரித்து வையுங்கள். பத்து கேமரா வாங்கக் காசு இருந்தால், ஆறு வாங்கி ஒழுங்காக வைத்துவிட்டு மிச்சக் காசைப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன்.

பராமரிப்பு என்றதும் பெரிய தொழில்நுட்பம் என்று நினைக்க வேண்டாம். இரவுக் காட்சிக்காகக் கேமராவைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள் எரியும். பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை பின்னும். பகலில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இரவில் அந்த விளக்கு வெளிச்சம் வலையில் பட்டு, திரை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். காலையில் வந்து பார்க்கிறவர் கேமரா நன்றாகத்தான் இருக்கிறது என்று போய்விடுவார். ஆகவே வாரம் ஒரு முறையாவது இரவு ஒன்பது மணிக்கு மேல் எல்லாக் கேமராவையும் திரையில் ஓடவிட்டுப் பாருங்கள். நீளக் கம்பில் துணி கட்டித் துடைத்தால் போதும். வேப்பமரக் கிளை வளர்ந்திருக்கும், கட்சி பேனர் மறைத்திருக்கும், பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை வெட்டியிருப்பார்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் என்றால் உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் துருப்பிடித்துப் போகும். இதையெல்லாம் சரிசெய்ய மெக்கானிக் கிடைப்பார். கவனிக்க ஆள்தான் கிடைப்பதில்லை.

அடுத்தது நேரம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்குகள் இதில் சறுக்குகின்றன. கடையில் ஒரு மூலையில் டிவிஆர், அதாவது காட்சியைப் பதிவுசெய்யும் பெட்டி இருக்கும். உள்ளே கடிகாரத்துக்கென்று சின்ன பேட்டரி. அது தீர்ந்துபோய் கரண்ட்டும் போய் வந்தால், பெட்டி தன் தேதியை 2000-ஆம் ஆண்டுக்கோ வேறு எதற்கோ மாற்றிக்கொள்ளும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் மெல்ல மெல்லப் பிந்தும். இந்தத் தெருக் கேமராவில் 9.12, அடுத்த தெருவில் 9.05, ஆனால் ஆள் நடந்தது இங்கிருந்து அங்கே என்று வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? காட்சியை எடுக்கப் போகும் காவலர், முதல் வேலையாகப் பெட்டியின் நேரத்தையும் தன் கைபேசி காட்டும் நேரத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, வித்தியாசம் எத்தனை நிமிடம் என்று மகஜரில் எழுதிவிட வேண்டும். ஒரு நிமிட வேலை. பெட்டிக்கு இணையம் இருந்தால் நேரத்தைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் வசதி மெனுவிலேயே இருக்கிறது. போய் அதை இயக்கி விடுங்கள்.

இப்போது எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்வி. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி. எட்டுக் கேமரா என்றால் 170 ஜிபிக்கு மேல். பெட்டியோடு கொடுத்த 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியது பதிவாகும். அடி வாங்கியவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிப் புகார் கொடுக்கவே ஒரு வாரம் ஆகிவிடும். எட்டுக் கேமராவுக்கு முப்பது நாள் வேண்டுமென்றால் 6 டிபி போட வேண்டும், புதிய முறையில் சுருக்கிப் பதிவுசெய்யும் கேமராக்கள் என்றால் கிட்டத்தட்ட பாதி போதும். வாங்கும்போது 'எத்தனை கேமரா' என்று கேட்பதோடு 'எத்தனை நாள்' என்றும் கேளுங்கள்.

சரி, காட்சி இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளுமா? 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மூலக் கருவியையே கொண்டு வராவிட்டால், பிரதி எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழ் கட்டாயம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி அந்தச் சான்றிதழுக்குப் படிவமே கொடுத்துவிட்டார்கள். அதில் டிவிஆருக்குத் தனியாக ஒரு கட்டம் உண்டு. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பைக் கணக்கிட்டு வரும் நீளமான ஓர் எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பென் டிரைவில் ஏற்றிய அன்றே கணக்கிட்டு எழுதி வைத்தால், நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்று பின்னால் நிரூபிக்கலாம். இதைச் செய்யத் தெரியாத இடங்களில் பெட்டியையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். வழக்கு முடியும்வரை அது திரும்ப வராது. அடுத்த முறை அந்தக் கடைக்காரர் 'கேமரா ரிப்பேர் சார்' என்று சொல்லிவிடுகிறார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னாலேயே பிரதி எடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கடையைக் கேமராவோடு விட்டுவிட்டு வந்தால் நாளைக்கும் ஒத்துழைப்பார்.

கேமரா இருந்தும் காட்சியைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தீர்ப்பு இருக்கிறது. வாரணாசி ஹோட்டலில் ஓர் இத்தாலியர் இறந்துபோன வழக்கில், கூட இருந்த இருவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்திருந்தார்கள். ஹோட்டலில் சிசிடிவி இருந்தும் அரசுத் தரப்பு அதைத் தாக்கல் செய்யவில்லை. 2015 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அந்தக் குறையைப் பெரிதாக எடுத்துக்கொண்டு இருவரையும் விடுவித்தது.

இங்கே காவல்துறை நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில்தான் இதைச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன். தெருவைப் பார்க்கும் கேமராவுக்கு என்ன நியாயமோ, அதுதான் காவல் நிலையத்துக்கு உள்ளே இருக்கும் கேமராவுக்கும். 2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடிக்கப்பட்டார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் பாரதிதாசன், உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு விஷயத்தை எழுதினார். அந்த நிலையத்தின் பதிவுப் பெட்டியில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருந்தது, இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தினமும் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அந்த இரவின் காட்சி கிடைக்கவில்லை. உண்மை வெளியே வர ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து வாய் திறக்க வேண்டியிருந்தது.

இதில் இடப் பற்றாக்குறை என்ற சாக்கு செல்லாது. டிஸ்க் நிறைந்து பழையது அழிவது இயந்திரத்தின் இயல்பு. தினமும் அழி என்பது ஒரு மனிதர் மெனுவுக்குள் போய், நாட்கள் என்ற இடத்தில் எண்ணைப் போட்டு, சேமி என்று அழுத்தினால்தான் நடக்கும். யார் அழுத்தினார், எப்போது, யார் அனுமதியோடு? எந்தக் கேமரா அமைப்பிலும் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் பதிவேடு இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் ஆயிரம் கேமரா மாட்டினாலும் பலவீனமானவனுக்கு அதனால் பாதுகாப்பில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டது. காவல் நிலையத்தின் வாசல், லாக்கப், நடைக்கூடம், ஆய்வாளர் அறை, பின்பக்கம் என்று எதையும் விடாமல் கேமரா வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும். பதினெட்டு மாதம் பாதுகாக்க வேண்டும், அந்த வசதி சந்தையில் இல்லையென்றாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமரா வேலை செய்வதற்கு நிலைய அதிகாரியே பொறுப்பு. மேற்பார்வைக்கு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் குழுக்கள். கேமரா பற்றியும், பாதிக்கப்பட்டவர் காட்சியைப் பாதுகாத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம் என்பது பற்றியும் வாசலில் மக்கள் மொழியில் அறிவிப்பு வைக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, 2025 செப்டம்பரில் காவல் நிலையக் கேமராக்கள் இயங்காதது குறித்து உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கெடுக்க வேண்டிய நிலை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. மக்களிடம் 'உங்கள் காசில் கேமரா வையுங்கள்' என்று கேட்கிற துறை, தன் வீட்டுக் கேமராவை முதலில் ஓட வைக்க வேண்டும்.

பாஸ்வேர்டு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடாதீர்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல், இப்படி விடப்பட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகம் முழுக்கக் கைப்பற்றி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. 2024 மே மாதம் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் தமிழ்நாடு காவல்துறையின் தளத்துக்குள் யாரோ ஒரு கணக்கின் வழியே நுழைந்துவிட்டார்கள். கடையில் கேமரா ஹேக் ஆனால் கடைக்காரருக்கு நஷ்டம். காவல்துறையின் முகத் தொகுப்பு வெளியே போனால், பாஸ்வேர்டைப்போல முகத்தை மாற்றிக்கொள்ள யாராலும் முடியாது. ஆளுக்கொரு கணக்கு, யார் எந்தக் காட்சியைப் பார்த்தார் என்ற குறிப்பு, இடமாற்றமாகிப் போனவரின் கணக்கை அன்றே மூடுவது, இவை மூன்றும் கட்டாயம். வாட்ஸ்அப்பில் காட்சியை அனுப்பி வைப்பது கூடவே கூடாது. பாதிக்கப்பட்ட பெண்ணின் காட்சி குரூப் குரூப்பாகச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறோமே, அது இப்படித்தான் கிளம்புகிறது.

கேமரா வைத்தால் குற்றம் நின்றுவிடுமா என்று வழக்கமாகக் கேட்பார்கள். நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த ஒரு மதிப்பாய்வு, கேமரா உள்ள பகுதிகளில் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. வாகன நிறுத்துமிடங்களில் நல்ல பலன். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. ஆகவே தெருவிளக்கையும் ரோந்தையும் குறைத்துக்கொண்டு கேமராவை நம்பாதீர்கள்.

சங்கத்துக்காரர்களிடம் இரண்டு வேலை கேட்கிறேன். உங்கள் பகுதிக் கேமரா ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, பெட்டி எந்தக் கடையில் இருக்கிறது, எத்தனை நாள் பதிவு நிற்கும், கடைசியாகத் துடைத்தது எப்போது, பொறுப்பு யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு பிரதி காவல் நிலையத்தில் இருக்கட்டும். அடுத்து, காவல் நிலையத்துக்குப் போகும்போது வாசலில் கேமரா பற்றிய அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சங்கத்தின் பெயரில் ஆய்வாளருக்கு ஒரு மனு, மேற்பார்வைக் குழுவுக்கு ஒரு நகல். ஆய்வாளர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். மனுவை இன்றைக்கே எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளலாம்.